டெப்கான்ஃப் பயண உதவித்தொகை: யாருக்கு, எவ்வளவு, எப்போது?

முனையம்
டெபியன் என்ற கட்டற்ற கணினி இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் வருடா வருடம் கூடும் மாநாடு டெப்கான்ஃப். 2026 ஜூலையில் அது அர்ஜென்டினாவில், சாந்தா ஃபே நகரில் நடக்கிறது. சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறி புவனோஸ் ஐரிஸ் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பஸ்ஸில் இன்னும் ஏறத்தாழ 470 கி.மீ. போக வேண்டும். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன்.

உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடு என்கிறார்கள். போடலாம், கூச்சமெல்லாம் இல்லை. ஆனால் ஒன்று உறுத்துகிறது. தன்னார்வலர்கள் நடத்தும் மாநாடு, நன்கொடையாளர்கள் கொடுத்த காசு. அதில் ஒரே ஆளின் விமானத்துக்கு இவ்வளவு கொடுப்பது சரியா? அதே காசில் பிரேசில், உருகுவே, சிலி என்று பக்கத்து நாடுகளிலிருந்து எத்தனை பேரைக் கூட்டி வரலாம்! குழு இதை எப்படி முடிவு செய்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
டெப்கான்ஃப் குழுவில் நான் இருந்ததில்லை. வேறு சில கூடல்களில் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். அப்போது டெப்கான்ஃப் விதிகளைத்தான் வரிவரியாகப் படித்துக் காப்பியடித்தோம்.

அங்கே உதவி மூன்று வகை: சாப்பாடு, தங்குமிடம், பயணம். பதிவுக்குக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்பது இல்லை. டெபியனில் உண்மையாக வேலை செய்துகொண்டிருப்பவர் நேரத்தோடு கேட்டால் சாப்பாடும் தங்குமிடமும் பெரும்பாலும் கிடைத்துவிடும். இழுபறியெல்லாம் பயணத் தொகைக்குத்தான்.

விண்ணப்பத்தில் இதுவரை என்ன செய்திருக்கிறாய், அங்கே வந்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பார்கள். அப்புறம் பணத்தேவை. வருமானச் சான்றிதழ், தாசில்தார் கையெழுத்து எதுவும் வேண்டாம். நான்கு நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்: 'இந்தப் பணம் இல்லாவிட்டால் வரவே முடியாது'; 'வரலாம், ஆனால் கையைக் கடிக்கும்'; 'கொஞ்சம் சிரமம்'; 'பணத்தேவைக்காகக் கேட்கவில்லை'. நீங்கள் சொல்வதை அப்படியே நம்புகிறார்கள். மதிப்பெண்படி வரிசைப்படுத்தி, காசு தீரும்வரை மேலிருந்து கொடுத்துக்கொண்டே வருவார்கள். கிடைத்தவர் குறித்த தேதிக்குள் ஏற்றுக்கொள்ளாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

இனி உங்கள் கேள்வி. தலைக்கு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் எந்தச் சர்வதேச மாநாடும் கடைசியில் உள்ளூர்க் கூட்டமாகத்தான் முடியும். கையில் 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். (சும்மா உதாரணத்துக்கு, யாரும் இதைத் தூக்கிக்கொண்டு போய் மேற்கோள் காட்டாதீர்கள்.) தலைக்கு 200 என்றால் 100 பேர், 2,000 என்றால் 10 பேர். ஆனால் அந்த 100 பேரில் கணிசமானவர்கள் நாம் கொடுக்காவிட்டாலும் வந்திருப்பார்கள். கொடுத்ததால் மட்டுமே நடந்த வருகை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இடைவெளி நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது.

ஒத்தையடி
மாற்றுக் கருத்து ஒன்று. டெப்கான்ஃப் வீடியோ குழு பெரும்பாலான உரைகளை நேரலையில் விடுகிறது, பதிவும் கிடைக்கிறது. 2020, 2021 இரண்டு வருடமும் மாநாடு முழுக்க இணையத்திலேயே நடந்தது. டெபியன் ஒன்றும் நின்றுபோய்விடவில்லை. பயணக் காசை வன்பொருளுக்குப் போடலாமே? விமானப் புகையும் மிச்சம்.

பழைய பென்குயின்
ஒத்தையடி தம்பி, உரை கேட்பதற்கு யாரும் உலகத்தைச் சுற்றிப் போவதில்லை.

டெபியன் டெவலப்பர், அதாவது திட்டத்தின் முழு உறுப்பினர், ஆக வேண்டுமென்றால் உங்கள் ஓபன்பிஜிபி சாவியில் (இணையத்தில் 'இது நான்தான்' என்று காட்டும் டிஜிட்டல் அடையாளம்) ஏற்கெனவே டெவலப்பராக இருப்பவர்களின் கையொப்பம் வேண்டும். நேரில் பார்த்து, பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, சாவியின் 40 எழுத்து அடையாளம் அச்சடித்த துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு, பிறகு வீட்டுக்குப் போய்க் கையொப்பமிடுவார்கள். அதுதான் வழக்கம். பெர்லினில் இருப்பவருக்கு இது ஒரு மாலைநேர வேலை, நாலு தெரு தள்ளி ஒரு டெவலப்பர் இருப்பார். திண்டுக்கல்லில் இருப்பவர் என்ன செய்வார்? அவர் வருடக்கணக்காகப் பேக்கேஜ் (டெபியனில் சேரும் மென்பொருள் பொதி) பராமரிப்பார், யாரோ ஒருவர் தயவில்தான் பதிவேற்றம் நடக்கும். ஒரு டெப்கான்ஃப் போய் வந்தால் பர்ஸ் நிறையத் துண்டுச் சீட்டோடு வருவார். அவர் டெவலப்பர் ஆனபிறகு அவருடைய ஊர்ப்பக்கம் இருக்கிற மற்றவர்களுக்கு அவரே கையொப்பம் போடலாம்.

அதனால்தான் டெவலப்பர்கள் குறைவாக உள்ள பகுதியிலிருந்து வரும் ஒருவருக்குக் கொடுக்கும் 2,000 டாலரை அவர் ஒருவருக்கான செலவாக நான் பார்ப்பதில்லை.

ஒத்தையடி
சாவி விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வாழ்க்கையில் ஒருமுறை போனால் போதுமே. வருடா வருடம் அதே முகங்கள் போவது எதற்கு?

தறி
இந்தக் கடைசிக் கேள்வியை இன்னும் அழுத்திக் கேட்க வேண்டும். முன்பு செய்த பங்களிப்புக்கு மதிப்பெண் என்றால், பங்களிக்க நேரம் உள்ளவருக்கு மதிப்பெண் என்று ஆகிவிடுகிறது. வேலை முடிந்து வந்து சமையல், பிள்ளையின் வீட்டுப்பாடம் எல்லாம் முடிந்தபின் ஒரு மணிநேரம் மொழிபெயர்ப்பு செய்கிறவரின் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். குறைவாகத் தென்படும் பிரிவினருக்கென்று தனி ஒதுக்கீடு அங்கே இருக்கிறது, அது நல்லது. ஆனால் விண்ணப்பத்தை எழுதும்போதே பாதிப் பேர் 'நமக்கெல்லாம் எங்கே' என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டைத்தான் கணக்கில் எடுப்போம் என்ற மனநிலை. மலிவான டிக்கெட் ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கும், அல்லது தெரியாத ஊர் விமான நிலையத்தில் பதினான்கு மணிநேரம் உட்கார வைக்கும். தனியாகப் போகிற பெண் கொஞ்சம் கூடக் கொடுத்துப் பகலில் இறங்கும் விமானத்தை எடுப்பாள். அந்தக் கூடுதல் காசை ஆடம்பரம் என்று பார்க்கிற ஆட்கள் மதிப்பெண் போடும் இடத்தில் இருந்தால் என்ன சொல்வது? ஒருமுறை ஒரு கூடலின் குழுவில் எனக்கும் இந்தப் பதில் வந்தது: "இதைவிட 90 டாலர் குறைவாக ஒன்று இருக்கிறதே." இருக்கிறது. நீங்கள் போங்கள்.

கணக்குப்பிள்ளை
தறி அக்கா சொல்வது நியாயம். நாங்கள் பிற்பாடு 'மலிவான' என்பதை எடுத்துவிட்டு 'நியாயமான' என்று விதியை மாற்றினோம். ஒருவர் மூன்று வழித்தடங்களின் விலையைக் காட்டி நடுவில் உள்ளதைக் கேட்டால் கேள்வி கேட்பதில்லை.

அதே முகங்கள் பற்றி: சென்ற வருடம் பெற்றவருக்குத் தடை என்று வைத்தால் வீடியோ குழு, ஒருங்கிணைப்புக் குழு எல்லாம் காலியாகிவிடும். அங்கே போய்க் கேபிள் இழுக்கிறவர்களும் அவர்கள்தான். நான் பார்த்தவரை புதியவர்களுக்கென்று ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிடுவதுதான் சண்டையில்லாத வழி. இரண்டு கூட்டத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் பழையவர்கள்தான் ஜெயிப்பார்கள்.

யாழ் முற்றம்
எல்லாரும் யாருக்கு, எவ்வளவு என்றுதான் கதைக்கிறீர்கள். எங்களுக்கு அதைவிடப் பெரிய விசயம், காசு எப்போது கைக்கு வரும் என்பது.

டெப்கான்ஃபில் வழக்கம் இதுதான்: நீங்கள் உங்கள் காசில் டிக்கெட் எடுக்க வேண்டும். மாநாடு முடிந்து ரசீதுகளைக் கொடுத்தபின், ஒப்புக்கொண்ட தொகை, உண்மையில் செலவான தொகை, இரண்டில் எது குறைவோ அது திரும்பி வரும். இப்போது மேலே சொன்ன அந்த நான்கு நிலைகளை மறுபடி பாருங்கள். 'இந்தப் பணம் இல்லாவிட்டால் வரவே முடியாது' என்று குறித்த ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 'நல்லது, முதலில் நீயே கட்டு, பிறகு தருகிறோம்' என்றால் அவர் எங்கே போவார்? கடன் அட்டை வைத்திருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. அட்டை இல்லாதவர், மாணவர், சம்பளத்தில் மூன்று நான்கு மாதத்தை ஒரே டிக்கெட்டில் போட வேண்டியவர், இவர்கள் 'கிடைத்தது' என்று மின்னஞ்சல் வந்தபிறகும் வீட்டில்தான் இருப்பார்கள்.

2022 ஜூலையில் கொசோவோவின் பிரிஸ்ரெனில் டெப்கான்ஃப் நடந்த நேரம் இலங்கை எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் 200 ரூபாய் சொச்சம். மே நடுப்பகுதியில் 360ஐத் தொட்டது. உதவித்தொகை டாலரில் இருக்கிறபடியால் தாளில் அது குறையவேயில்லை. ஆனால் கையிலிருந்து முதலில் போட வேண்டிய ரூபாய் இரண்டரை மாதத்துக்குள் முக்கால் பங்கு கூடிவிட்டது. அந்தக் காசு யாரிடம் இருந்தது? பெற்றோல் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

விசாவும் இதோடு சேர்ந்த விசயம். 2025இல் பிரான்சின் பிரெஸ்டில் நடந்ததற்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவானது). 2024 ஜூன் 11 முதல் அதன் கட்டணம் 80 யூரோவிலிருந்து 90 ஆகிவிட்டது. மறுத்தாலும் திருப்பித் தரமாட்டார்கள். பிறகு வங்கிக் கூற்று கேட்பார்கள். உதவி கேட்கிற ஆளின் கணக்கில் விசா அதிகாரி திருப்திப்படுகிற மாதிரி காசு இருந்தால் அவர் ஏன் உதவி கேட்கிறார்? அந்த இடத்தில் வேலை செய்கிறது ஒரே ஒரு காகிதம்: 'இவருடைய பயணம், தங்குமிடம், உணவு எங்கள் பொறுப்பு' என்று மாநாட்டுக் குழு எழுதித் தருகிற கடிதம். உதவித்தொகை முடிவாகாமல் அந்தக் கடிதம் வராது. ஷெங்கனில் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று விதி, 45 நாள் வரை இழுக்கவும் விதி உண்டு. விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பதற்கே சில வாரம் காத்திருக்க வேண்டும். ஆகவே குழு இரண்டு மாதம் முன்னால் முடிவு சொன்னால் ஐரோப்பியருக்குத் தாராளம். எங்களுக்குச் சொல்லாததற்குச் சமன்.

ஆலப்புழா எக்ஸ்பிரஸ்
பிரிஸ்ரென் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தியா கொசோவோவை அங்கீகரிக்கவே இல்லை, இங்கே அவர்களுக்குத் தூதரகமும் கிடையாது. இங்கிருந்து போனவர்களில் சிலர் முதலில் அல்பேனியாவுக்கு விசா எடுத்துத் திரானா போய், அங்குள்ள கொசோவோ தூதரகத்தில் விசா வாங்கி, பிறகு எல்லை தாண்டினார்கள். ஒரு மாநாட்டுக்கு இரண்டு விசா. திரானாவில் காத்திருக்கும் நாட்களின் அறை வாடகையும் பயணச் செலவுதானா என்ற கேள்விக்கு எந்தப் படிவத்திலும் பெட்டி இருக்காது.

2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தபோது நிலைமை தலைகீழ். நமக்குச் சென்னையிலிருந்து ராத்திரி ரயில், ஸ்லீப்பரில் சில நூறு ரூபாய், காலையில் எர்ணாகுளம். வெளிநாட்டுக்காரர்கள் இந்திய மாநாட்டு விசாவுக்காக அழைப்புக் கடிதம், அனுமதிக் கடிதம் என்று அலைந்தார்கள். ஐரோப்பாவில் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிப் பழகியவர்களுக்கு அது புதிது.

ஒத்தையடி
அப்போது சில பேருக்கு நன்றாகப் புரிந்திருக்கும் :)

கணக்குப்பிள்ளை
யாழ் முற்றம் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் 'முன்பணம் கொடுங்கள்' என்று சொல்வது சுலபம். கொடுக்கிற பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் பாருங்கள்.

டெபியனுக்கு என்று சொந்த வங்கிக் கணக்கு கிடையாது. காசெல்லாம் அதன் சார்பில் வைத்திருக்கும் அமைப்புகளிடம் இருக்கிறது: அமெரிக்காவில் 1997 முதல் இருக்கும் எஸ்பிஐ (Software in the Public Interest, நம்ம ஸ்டேட் பேங்க் இல்லை), பிரான்சில் டெபியன் பிரான்ஸ், சுவிட்சர்லாந்தில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த நாட்டுச் சட்டம், தணிக்கை. பயணம் நடந்ததற்கு ஆதாரம் இல்லாமல் வெளிநாட்டில் இருக்கும் தனிநபர் கணக்குக்குக் காசு அனுப்பினால் கணக்குப் புத்தகத்தில் அதை என்னவென்று எழுதுவது? விசா மறுக்கப்பட்டால் காசைத் திருப்பி வாங்குவது யார் வேலை? அது ஒரு தன்னார்வலர் வேலை. பகலில் ஆபீஸ் போய்விட்டு ராத்திரி உட்கார்ந்து, மங்கிப்போன தெர்மல் பேப்பர் ரசீதின் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அது 3ஆ 8ஆ என்று பார்க்கிற அதே ஆள். அவரிடம் 'கடன் வசூலும் பண்ணு' என்றால் அடுத்த வருடம் அவர் இருக்கமாட்டார். நான் இல்லாமல் போனது அப்படித்தான்.

விக்கிப்பித்தன்
விக்கிப்பீடியாக்காரர்களின் வருடாந்திர மாநாடான விக்கிமேனியாவில் இந்தச் சிக்கலே வராது. முழு உதவித்தொகை கிடைத்தால் விக்கிமீடியா அறக்கட்டளையே பயண முகவர் மூலம் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடும். அறைக்கும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. 2023இல் சிங்கப்பூர், 2024இல் போலந்தின் கட்டோவிட்சே, 2025இல் நைரோபி, எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். ஆனால் அங்கே இதற்கென்று சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். முழுக்கத் தன்னார்வலர்கள் நடத்தும் மாநாட்டில் அதை அப்படியே கேட்க முடியாது. குறையும் உண்டு: முகவர் எடுக்கும் டிக்கெட் நாமே தேடி எடுப்பதைவிட விலை கூட வருவது சகஜம். தேதியை மாற்ற ஒரு மின்னஞ்சல் சங்கிலியே ஓடும்.

அறிபுனை
கொஞ்சம் தலைப்பை விட்டு விலகுகிறேன். அறிவியல் புனைகதை ரசிகர்கள் இந்தப் பிரச்சினையை எழுபது வருடத்துக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். 1952இல் பெல்ஃபாஸ்ட்காரரான வால்ட் வில்லிஸ் என்ற ரசிகரைச் சிகாகோ உலக மாநாட்டுக்கு வரவழைக்க ரசிகர்கள் காசு சேர்த்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1953இல் அட்லான்டிக் கடந்து ஆள் அனுப்பும் ரசிகர் நிதி ஒன்று பிறந்தது. இன்றும் நடக்கிறது. குழு கிடையாது, தேர்தல்தான். ஓட்டுப் போட வேண்டுமென்றால் நிதிக்குச் சிறு தொகை கட்ட வேண்டும். ஜெயித்தவர் போய் வந்து பயணக் கட்டுரை எழுத வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பிறகு அவரே நிதியை நிர்வகித்து அடுத்த ஆளுக்கான காசைத் திரட்டுவார். பெற்றவர் தலையிலேயே அடுத்த பொறுப்பு விழுகிறது, இது எனக்குப் பிடித்த அம்சம்.

பழைய பென்குயின்
பொறுப்பு விஷயம் நல்லது, தேர்தல் வேண்டாம் சாமி. ஓட்டு என்று வந்தால் ஜெயிப்பது ஊரெல்லாம் தெரிந்த வாய்க்காரன். யாருக்கும் தெரியாமல் எழுத்துரு பேக்கேஜைப் பராமரிக்கிற ஆளுக்கு அவர் அம்மாகூட ஓட்டுப் போடமாட்டார்.

யாழ் முற்றம்
கணக்குப்பிள்ளை அண்ணா, நான் யாருடைய கணக்குக்கும் காசு அனுப்பச் சொல்லவில்லை. குழுவே டிக்கெட்டை எடுத்துத் தரட்டும், எல்லாருக்கும் வேண்டாம், வரவே முடியாது என்று குறித்தவர்களுக்கு மட்டும். விசா கைக்கு வந்தபின் எடுத்தால் மறுப்பு என்ற பயமும் இல்லை. டிக்கெட் அவர் பெயரில் இருக்கும், வேறு ஆள் பறக்க முடியாது. விற்றுக் காசாக்கவும் முடியாது. போகாவிட்டால் ஒரு டிக்கெட் நட்டம், அவ்வளவுதான். ரசீதைப் பெரிதாக்கிப் பார்க்கிற வேலையும் உங்களுக்குக் குறையும், ஏனென்றால் விலைச்சீட்டு உங்களிடமே இருக்கும்.

கணக்குப்பிள்ளை
விசா வந்தபின் எடுத்தால் விலை ஏறியிருக்கும்.

யாழ் முற்றம்
ஏறும். அந்த ஏற்றத்தைச் சேர்த்துத்தான் தொகை ஒதுக்க வேண்டும். இப்போது அந்த ஏற்றத்தையும் விண்ணப்பதாரர்தானே சுமக்கிறார்? விலை குறைவாக இருக்கும்போது எடுத்து விசா வராமல் போனால் டிக்கெட் முழுக்க அவர் தலையில். விசா வந்தபின் எடுத்தால் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேலே போனதெல்லாம் அவர் தலையில்.

கணக்குப்பிள்ளை
சரி. இது நடைமுறைக்கு வரும் என்றே படுகிறது. பத்துப் பன்னிரண்டு பேருக்கு என்றால் கார்டு கையில் உள்ள ஒரு ஆள், அவர் ஊரில் பதிவுபெற்ற ஓர் அமைப்பு, இரண்டும் இருந்தால் போதும். அந்த ஒரு ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இதைச் செய்யும் குழு பாதித் தொகை கொடுக்கும் பழக்கத்தை விட வேண்டும். காசு போதவில்லை என்றால் எல்லோருக்கும் 60 சதவீதம் என்று பிரித்துவிடுவது குழுக்களுக்குப் பிடித்த வழி, யாருக்கும் 'இல்லை' என்று சொல்ல வேண்டாமே. கையைக் கடிக்கும் என்றவருக்கு 60 உதவும். வரவே முடியாது என்றவருக்கு 60 சதவீதமும் பூஜ்யமும் ஒன்றுதான். அவர் யோசித்து யோசித்துக் கடைசித் தேதியில் வேண்டாம் என்பார். அது அடுத்தவருக்குப் போகும்போது அவருக்கு விசா எடுக்க நேரம் இருக்காது. பத்துப் பேருக்குப் பாதி கொடுப்பதற்குப் பதிலாக ஐந்து பேருக்கு முழுசாகக் கொடுத்து, மீதி ஐந்து பேரிடம் 'இந்த முறை இல்லை' என்று சீக்கிரமே சொல்லிவிடலாம்.

தறி
சீக்கிரமே சொல்வது முக்கியம். லீவு கேட்க வேண்டும், பிள்ளையை யாரிடம் விடுவது என்று பார்க்க வேண்டும். "காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்கள்" என்ற பதிலை வைத்துக்கொண்டு மாமியாரிடம் என்ன பேசுவது?

முனையம்
நிறையத் தெளிவானது. விண்ணப்பம் போடப் போகிறேன். தொகைப் பெட்டியில் என்ன எழுதுவது? குறைத்துக் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு கூடுமா?

கணக்குப்பிள்ளை
குறைத்துக் கேட்காதீர்கள். குறைத்துக் கேட்டு, கிடைத்து, பிறகு போதவில்லை என்று எழுதுபவர்கள்தான் குழுவுக்குப் பெரிய தலைவலி. இரண்டு மூன்று வழித்தடங்களின் இன்றைய விலையைப் பாருங்கள். ஜூலை நெருங்க விலை ஏறும் என்பதால் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். புவனோஸ் ஐரிஸிலிருந்து பஸ், விசாக் கட்டணம், பயணக் காப்பீடு எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். விசாக் கட்டணத்தைக் கொடுப்பார்களா மாட்டார்களா என்பது அவர்கள் முடிவு, எழுதாமல் விட்டால் கேட்கவே வழியில்லை. பங்களிப்புப் பகுதியில் 'டெபியன் மீது ஆர்வம் உண்டு' என்றெல்லாம் வேண்டாம். எந்தப் பேக்கேஜ், எந்த வழு (மென்பொருள் பிழை), எந்த மொழிபெயர்ப்பு என்று சுட்டி கொடுங்கள். படிப்பவர் ஒரே இரவில் பல விண்ணப்பங்களைப் பார்ப்பார்.

யாழ் முற்றம்
முன்கூட்டிக் கட்ட உங்களால் முடியாது என்றால் அதையும் எழுதுங்கள் தம்பி. டிக்கெட்டைக் குழுவே எடுத்துத் தர இயலுமா என்று நேராகக் கேளுங்கள். பத்துப் பேர் எழுதினால்தான் அதற்கென்று ஒரு பெட்டி வரும்.

முனையம்
எழுதிவிட்டேன். சாவி கையொப்பம் பற்றியும் ஒரு பத்தி போட்டேன், எங்கள் மாவட்டத்தில் டெவலப்பர் யாரும் இல்லை என்று.

ஆலப்புழா எக்ஸ்பிரஸ்
பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று பார்த்தீர்களா? பல இடங்களில் பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்பார்கள்.

முனையம்
அக்டோபர் 2026. நாளைக்கே புதுப்பிக்க அப்பாயின்ட்மென்ட் எடுக்கிறேன்.